மாலை கழற்றும் நாள்

பெயர் வேண்டாம். நான் ஒரு குடிநோயாளி. திருநெல்வேலி டவுனில் தையல் தொழில். குடியை நிறுத்தி 4 வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. காலைப் பிரார்த்தனையையும் தியானத்தையும் விடாமல் எப்படிச் செய்கிறீர்கள் என்று, குடியை நிறுத்தியவர்கள் கூடும் நம் கூட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் விட்ட கதையைச் சொன்னால்தான் பிடித்த கதை விளங்கும்.

6 வருஷம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டவன் நான். கார்த்திகை முதல் தேதி, விடியுமுன் குறுக்குத்துறையில் முங்கி எழுந்து, முருகனைக் கும்பிட்டு, குருசாமி கையால் மாலை. அதன்பின் 41 நாள் ஒரு சொட்டு கிடையாது. நாலு மணிக்குக் குளியல், விளக்கு, சரணம். தெருவே மெச்சும். மலைக்குப் போய், திரும்புகாலில் குற்றாலத்தில் குளித்து, வீட்டுக்கு வந்து அம்மா கையால் மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டுவேன். அன்று சாயங்காலமே கடை வரிசையில் நிற்பேன். ஒரு வருஷம் எனக்குப் பின்னால் நின்றவர், "சாமி, நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லையே" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் கையிலும் காசு, என் கையிலும் காசு.

ஐயப்பன்மேல் குறை இல்லை. அந்த 41 நாளும் என் வாய் சரணத்தைச் சொன்னது, மனம் நாளை எண்ணியது. வீட்டில் மனைவியும் எண்ணினாள். எப்போது முடியும் என்பது என் கணக்கு, முடியப்போகிறதே என்பது அவள் கணக்கு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மாலை போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பொட்டுத் தூக்கம் வராது. பக்தியில் உடம்பு ஆடுகிறது என்றே பேசிக்கொண்டார்கள். ஆறாம் வருஷம் மூன்றாம் நாள் வலிப்பு வந்து, வெட்டிப்போட்ட துணிமேலேயே விழுந்தேன். நாள்பட்டுக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பி1 சத்து ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, பத்து நாள் படுக்கை. ஆகவே தம்பி, குடியை நிறுத்துவது முதலில் டாக்டர் காரியம். பிரார்த்தனை அதற்குப் பிறகு. இதை மாற்றிச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்.

அதன்பின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்கு வியாபாரத்தில் இருந்த ஒரு குடிகாரரும் டாக்டரான ஒரு குடிகாரரும் சேர்ந்து தொடங்கியது. அதன் 12 படிகளில் 11ஆவதுதான் பிரார்த்தனையும் தியானமும். அந்தப் படியில் கேட்கச் சொல்வது, நாம் புரிந்துகொண்ட கடவுளின் சித்தம் எதுவென்று தெரிய வேண்டும், அதைச் செய்யத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நான் சாமியிடம் கொடுத்ததெல்லாம் கொட்டேஷன். தீபாவளிக்கு ஆர்டர் வரட்டும், கடன் அடையட்டும், வந்தால் இன்ன காணிக்கை.

தியானம் எனக்கு லேசில் வரவில்லை. கண்ணை மூடினால் பாட்டில் வரும். மூடியைத் திருகும்போது வளையம் பிட்டு வரும் அந்தச் சத்தம்கூடக் காதில் கேட்கும். என் ஸ்பான்சரிடம், அதாவது கூட்டத்தில் எனக்கு வழிகாட்டும் மூத்தவரிடம், சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், 20 வருஷமாகக் குடிக்காதவர். "கண்ணை மூடினால்தானே வருகிறது? திறந்து வைத்துக்கொண்டு உட்காரு" என்றார்.

இப்போது 5 மணிக்கு எழுகிறேன். முதலில் காப்பி, இரண்டு கரண்டிச் சீனி கூடுதலாக. வெறும் வயிறு எங்களுக்குச் சத்துரு. பிறகு பழைய பத்தமடைப் பாயில் உட்கார்ந்து ஒரே வரி: இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருக்கத் துணை செய். அதற்கப்புறம் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோப்பேன். நூல்கண்டிலிருந்து இழுத்து, இறுக்கத் தட்டுகளுக்கிடையே விட்டு, மேலே ஏறி இறங்கும் கொக்கியில் மாட்டி, கீழே கொண்டுவந்து, நுனியை எச்சிலில் நனைத்து, ஊசிக் காதில். கோத்ததும் உருவிவிடுவேன். மறுபடி முதலிலிருந்து. தைப்பதில்லை. பத்து நிமிஷம் இதுதான் என் தியானம். குடித்த காலத்தில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் இந்தக் கைக்கு ஊசிக் காது அகப்படாது. மகளைக் கூப்பிட்டுத்தான் கோப்பேன், அவளுக்கு அப்போது ஏழு வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 42ஆம் நாள் காலை நூலைக் கையில் எடுத்ததும் உடம்பு தானாகக் கேட்டது, விரதம் முடிந்ததல்லவா என்று. நான் எண்ணவே இல்லை, அது எண்ணியிருக்கிறது. அந்த இருட்டிலேயே ஸ்பான்சருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ மாலையே போடவில்லையே, எதைக் கழற்றப் போகிறாய்?"

*

பாளையங்கோட்டையிலிருந்து:

டவுன் அண்ணாச்சி, உங்களுக்குக் கார்த்திகை என்றால் எங்களுக்கு லெந்து, ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். சாம்பல் புதன் முதல் சுத்தமாக இருப்பேன், ஈஸ்டர் ஆராதனை முடிந்து ஊசிக்கோபுரக் கோயிலை விட்டு வெளியே வரும்போதே கால் வேறு பக்கம் திரும்பும்.

குடித்த காலத்திலும் ஜெபத்தை நான் விட்டதில்லை என்பதுதான் கொடுமை. இரவில் வாய் மணக்க மணக்க, பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி, அரை மணி நேரம் உரக்க ஜெபிப்பேன். கடைக்குட்டி அப்படியே தூங்கி விழுவான். நிறுத்திய பிறகு என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "சத்தமாக மட்டும் ஜெபிக்க வேண்டாம்." வாயடைத்துப் போனேன். இப்போது விடியற்காலையில் தனியாக ஒரு சங்கீதம், உதடு அசையாமல். 150 முடிந்தால் திரும்ப முதலாவதிலிருந்து. 119ஆம் சங்கீதம் வரும் அன்றுதான் பாடு, 176 வசனம். டீ ஆறிப்போகும்.

*

முக்கூடலிலிருந்து:

குடித்தவர் எழுதுவதைத்தான் படிக்கிறேன், நான் குடித்தவரின் மனைவி. பீடி சுற்றுகிறேன். அவர் காலையில் திண்ணையில் உட்காருவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் ஒரு வருஷம் ஒரு நாள்கூட நான் அந்த நேரத்தில் தூங்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பேன், காது மட்டும் கோழிக்கூட்டுப் பக்கம். பாட்டிலை ஒளிப்பது அதன் ஓலைக்கு அடியில்தான். ஓலை சரசரக்கிறதா, வாளியில் தண்ணீர் விழுகிறதா? வாளிச் சத்தம் கேட்டால் மூச்சு வரும்.

போன மாதம் மூன்று நாள் அவர் உட்காரவே இல்லை. ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. அல்-அனான் கூட்டத்தில் குடும்பத்தாருக்குச் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது, நம் காவலால் அவர்கள் குடியை நிறுத்த முடியாது என்று. கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் நான் சுற்றிய பீடியில் பாதியைக் கடையில் கழித்துவிட்டார்கள், கட்டு நெகிழ்ந்திருந்ததாம். நாலாம் நாள் அவரே யாருக்கோ போன் செய்து, திண்ணையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.

*

ராதாபுரம் பக்கத்திலிருந்து:

காற்றாலையில் இரவு ஷிப்ட். குடியை நிறுத்தி 19 நாள். எல்லாரும் காலை காலை என்கிறீர்கள். எனக்கு விடிவதே பிற்பகல் 3 மணிக்கு. கடை 12 மணிக்கே திறந்துவிடுகிறது. நான் எப்போது உட்காருவது?

*

டவுன் தையல்காரர்:

தம்பி, தீபாவளிக்கு முந்தின வாரம் நான் விடிய விடியத் தைப்பேன். காலை 6 மணிக்குப் படுத்து மத்தியானம் எழுந்தால் மத்தியானம்தான் எனக்கு 5 மணி. நீர் 3 மணிக்கு எழுந்ததும் முதலில் சாப்பிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலைச் சொல்வார்கள். ஷிப்ட் முடிந்து படுத்தவருக்கு அதில் குறைந்தது இரண்டு இருக்கும். சாப்பிட்டுவிட்டு, வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் உட்காரும். ஐந்து நிமிஷம் போதும். உமக்கு ஊசி நூல் வேண்டாம், கையில் படுகிற வேலை ஏதாவது இருந்தால் சரி.

உட்காருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி வேன் உம்மை எந்த முக்கில் ஏற்றுகிறது? கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அதை முதலில் சொல்லும்.