கொய்யா நடுவே விதைக் கொத்தமல்லி: பூக்கிற நேரத்தில் அசுவினி, மரத்தில் மாவுப்பூச்சி. என்ன செய்யலாம்?

தோப்புக்காரன்:
ஆயக்குடிப் பக்கம், 3 வருட லக்னோ 49 கொய்யா. வரிசைக்கு நடுவே கோ 4 ரகக் கொத்தமல்லி, விதைக்கு விட்டது. முதல் பூக்குடை (குடை மாதிரிப் பூங்கொத்து) விரிகிறது, நுனியெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினி. கொய்யாவில் மாவுப்பூச்சியும் ஏறுகிறது. இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்தை இரண்டுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். அடித்தால் தேனீ வருமா? பொறிவண்டு விடுவதென்றால் எத்தனை?

மல்லிவிதை:
இப்போது அதை அடிக்கவே அடிக்காதீர்கள். செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரை போகிற மருந்து அது. மல்லிப் பூவில் மகரந்தம் முதலில் கொட்டிவிடும், சூல்முடி அப்புறம்தான் தயாராகும். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அரிது. கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, ஈக்கள் வந்து போனால்தான் மணி பிடிக்கும். தேனீப் பெட்டி வைப்பதானால் பத்தில் ஒரு பங்கு பூ விரிந்த பிறகு வையுங்கள். முன்னாலேயே வைத்தால் வேறு பூவுக்குப் பழகிவிடும்.

அசுவினிக் கூட்டத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலில்லாமல், தலைப்பக்கம் கூம்பி, வெளிர்பச்சையாக நெளிகிற புழு இருந்தால் அது சிர்பிட் ஈயின் புழு. இலை தின்னும் புழு என்று நசுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான். தாய் ஈ மல்லிப் பூந்தேனைத் தேடித்தான் வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டியிருந்தால் பூ முடியும் வரை கழற்றிவிடுங்கள், இந்த ஈயும் அதில் மாட்டும்.

புழுவே இல்லாமல் அசுவினி கட்டிக்கொண்டு போகிற இடத்துக்கு மட்டும், தேனீ அடங்கிய மாலையில், 5% வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, 100 கிராம் காதி சோப்பு கரைத்து அடியுங்கள்.

வண்டுப்பண்ணை:
மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலேமஸ். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பொறிவண்டு. உடம்பு கறுப்பு, தலையும் இறக்கை நுனியும் ஆரஞ்சு. பூச்சி ஏறிய மரத்துக்கு 10 முதல் 20 வண்டு போதும், தோப்பு முழுக்க வேண்டாம். மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி முட்டைப்பை வைத்திருக்கும்போது விடுங்கள். வண்டு அதற்குள்தான் முட்டையிடும். நாலு குஞ்சுப்பூச்சி மட்டும் இருக்கிற மரத்தில் விட்டால் பறந்துவிடும். காலையிலோ மாலையிலோ கிளைக் கவட்டில் திறந்துவிடுங்கள்.

பெரும்பாலும் வண்டு தோற்பது எறும்பால்தான். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நின்று வண்டை விரட்டும். தூரில் சாக்குத்துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் பூசி, தரையைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு கிளை மண்ணில் பட்டாலும் தூரில் கட்டிய கிரீஸ் துணி வீண். வண்டின் புழு வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி போலவே இருக்கும். அதைவிடப் பெரிசு, வேகமாக ஓடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதானால் வண்டு விடுமுன் செய்துகொள்ளுங்கள்.

தோப்புக்காரன்:
நன்றிங்க. நன்மைப் பூச்சிக்காக வரப்பில் கடை மல்லியைத் தூவிப் பூக்க விடலாமா? பூவில் பொடிசாகக் கறுப்புக் குளவியும் சுற்றுகிறது, நல்லதுதானே?

மல்லிவிதை:
தூவாதீர்கள். வேறு ரகம் 100 மீட்டருக்குள் பூத்தால் கலந்துவிடும், சான்று விதைக்கு ஆகாது. வரப்புக்கும் அதே கோ 4 விதையையே, உடைத்து இரண்டாக்கி, 15 நாள் இடைவெளியில் விதையுங்கள். பூ தொடர்ந்து இருக்கும்.

குளவியில் இரண்டு ரகம். அசுவினி மேல் உட்கார்ந்து குத்தினால் நம் ஆள். அது குத்தி முட்டையிட்ட அசுவினி வீங்கி வைக்கோல் நிறமாகத் தென்படும். பச்சை மணியில் உட்கார்ந்து குத்தினால் மல்லி விதைக்குளவி. அதன் புழு மணிக்குள்ளேயே பருப்பைத் தின்று, சேமிப்பில் வட்டத் துளை போட்டு வெளியே வரும். பழைய விதை மூட்டையிலிருந்து கிளம்பித்தான் வயலுக்கு வருகிறது. துளை விழுந்த பழைய மல்லியைப் பூப்பதற்கு முன்பே அரைத்தோ எரித்தோ முடித்துவிடுங்கள்.

முதல், இரண்டாம் குடை மணிகளைத் தனியே அறுத்து விதைக்கு வையுங்கள். கடைசிக் குடை சாம்பாருக்குப் போகட்டும். பாதி மணி பழுப்பானதும் பனி ஈரத்தோடு காலையில் அறுத்தால் உதிராது. நிழலில் காயவைத்து, ஈரம் 10% வந்த பிறகு மூட்டை கட்டுங்கள்.

வண்டுப்பண்ணை:
மல்லி இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அதையும் பூவுக்கு முன்னாலேயே அடித்துவிட வேண்டும், பொடிக்குளவிக்கு ஆகாது.