பனானா பிரெட்டுக்கு வால்நட்டா பீகனா?

கேள்வி:
வாராவாரம் பனானா பிரெட் பண்றேன், எப்பவும் வால்நட் தான் போடுவேன், ஆனா சின்னவ கசக்குதுன்னு ஒவ்வொரு துண்டா பொறுக்கி தட்டு ஓரத்துல வெச்சிடறா. பீகன் (வால்நட் மாதிரியே இருக்கற இன்னொரு கொட்டை) போட்டா சரியாகுமா? இங்க சென்னையில விலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, அதான் யோசனை.

பதில்:
கசப்பு வால்நட்டோட அந்த மெல்லிசு தோல்ல தாங்க இருக்கு. கொதிக்கற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு வடிச்சு, ஓவன்ல 175 டிகிரில ஒரு 10 நிமிஷம் மொறுமொறுன்னு வறுத்து, சூடா இருக்கறப்பவே துணில தேய்ச்சா தோல் பாதி உதிர்ந்துரும். அப்புறம் வாங்கும்போதே ஒண்ணு வாயில போட்டு பாருங்க, சிக்கு வாடை அடிச்சா பழசு, வேணாம்.

பதில்:
நான் டெக்சாஸ்ல இருக்கேன், இங்க ஸ்டேட் மரமே பீகன் தான். தோல் அவ்வளவா கசக்காது, இனிப்பா வெண்ணெய் மாதிரி இருக்கும், குழந்தைங்க கண்டிப்பா சாப்பிடுவாங்க. ஒரு கப்புக்கு ஒரு கப் அப்படியே மாத்தலாம். எண்ணெய் ஜாஸ்தி, 100 கிராம்ல 72 கிராம் கிட்ட கொழுப்பு தான், அதனால வறுக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க, மீதிய ஃப்ரீசர்ல வைங்க. ஆனா பிரவுனிக்கு மட்டும் என் ஓட்டு வால்நட்டுக்குத் தான், சாக்லேட்டுக்கு அந்த லேசான கசப்பு வேணும்.

கேட்டவர்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க! இந்த ஞாயித்துக்கிழம தோல் எடுத்து பண்ணிப் பாக்கறேன், அதுக்கும் அவ ஒதுக்கினா பீகன் 100 கிராம் வாங்கிடறேன்.