விமானிகளின் பணிச்சுமை: படிவத்தை நம்புவதா, பதிவை நம்புவதா?

வணக்கம் நண்பர்களே. காக்பிட் வடிவமைப்பு பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். சிமுலேட்டரில் தரையிறங்கும் நேரம் பார்த்து ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவோம். முடிந்ததும் நாசா டிஎல்எக்ஸ் படிவம், அதாவது பணிச்சுமை எவ்வளவு இருந்தது என்று விமானியே குறிக்கும் படிவம். மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல் என ஆறு அளவுகள்.

சிக்கல் இங்கேதான். அனுபவசாலிகள் எல்லாமே லேசு என்று குறிக்கிறார்கள் (கௌரவப் பிரச்சினை போல!). ஆனால் ரேடியோவுக்கு அவர்கள் தாமதமாகப் பதில் சொல்வது பதிவில் தெரிகிறது.

10 படிகள் கொண்ட பெட்ஃபோர்டு அளவுகோல், மிச்சக் கவனம் எவ்வளவு இருந்தது என்று கேட்கிறது. அதற்கு மாறலாமா? அப்புறம், டிஎல்எக்ஸில் எந்த அளவுக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்ய, ஆறு அளவுகளையும் இரண்டிரண்டாக ஒப்பிடும் 15 ஜோடி ஒப்பீடுகளை விட்டுவிட்டால் தேர்வாளர் ஏற்பாரா? விமானச் சான்றளிப்புச் சோதனைகளில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி சிமுலேட்டர் கிடைக்கிறது.