மத்தியானம் படுத்து ராத்திரி எழுந்திருக்கும் ஏசி

கோடையில் ஏசி நின்றுபோன கதை, மூன்று ஊர்களிலிருந்து.

வேலூரிலிருந்து:

எங்களுடையது ஒன்றரை டன் ஸ்ப்ளிட், இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல். கத்திரி தொடங்கியதிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் வெறும் காற்றுதான். அரைமணி கழித்துத் தானாகக் குளிரும், மறுபடி படுத்துவிடும். ராத்திரி மட்டும் ஒழுங்காக ஓடும்.

முதலில் வந்த மெக்கானிக் யூனிட்டைத் திறக்கவே இல்லை. "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கா அது? குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிந்திருந்தால் ராத்திரியும் குளிர் குறைந்திருக்க வேண்டும், குழாயில் ஐஸ் கட்டியிருக்கலாம். இரண்டும் இல்லை.

அவரை அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவுட்டோர் யூனிட்டில் கம்ப்ரஸர் உறுமுகிறது, முன்பக்கம் கையை நீட்டினால் காற்றே இல்லை. ஃபேன் சோம்பலாக அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. சூடு வெளியேறாவிட்டால் கம்ப்ரஸர் கொதித்து, அதிலுள்ள ஓவர்லோடு என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் கரண்டை வெட்டிவிடும். ஆறியதும் தானே சேரும். அந்த அரைமணிக் கணக்கு இதுதான்.

அடுத்து வந்த தம்பி கிரில் இடுக்கில் ஒரு குச்சியை விட்டு இறக்கையைத் தள்ளினான், சுற்ற ஆரம்பித்தது. "ஃபேன் கெப்பாசிட்டர் போயிடுச்சுண்ணே." ஃபேன் மோட்டாரைச் சுற்றவைக்க உதவும் சின்னப் பாகம் அது. கழற்றிக் காட்டினான். மேலே அதன் கொள்திறன் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சு, மீட்டரில் 1 கூட வரவில்லை, பக்கவாட்டில் லேசான உப்பல். ராத்திரி வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது எப்படியோ சுற்றியிருக்கிறது. மதியம் தெருவே ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கியதும் முடியவில்லை. மாற்றினான், சரியாகிவிட்டது. குச்சி வேலையையும் கெப்பாசிட்டரைக் கழற்றுவதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மதுரையிலிருந்து:

எங்கள் அபார்ட்மென்டில் ஃபேனும் நல்லது, கேஸும் சரி. ஆனால் எல்லோருடைய அவுட்டோர் யூனிட்டும் ஒரே குறுகலான சந்தில் எதிரெதிராக மாட்டியிருந்தன. ஒன்று விடும் அனல் காற்றை எதிரில் இருப்பது இழுக்கும். வெளியே 40 டிகிரி என்றால் சந்துக்குள் அதைவிட மோசம், நிற்கவே முடியாது. மூன்று முறை சர்வீஸ் செய்தும் பலன் இல்லை. கடைசியில் எங்களுடையதை மாடிக்கு ஏற்றினோம். செம்புக் குழாய் நீளமானதால் அதற்கேற்ப எடை போட்டுக் கேஸ் சேர்த்தார்கள். செலவு கைகடித்தது, ஆனால் அப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை.

ஹூஸ்டனிலிருந்து:

இங்கே எங்கள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப், குளிர்காலத்துக்கும் கோடைக்கும் ஒரே மெஷின். ஜூலை நடுவில் திடீரென்று நின்றது, சுவரில் குளிர் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டின் திரையும் இருண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் பிரேக்கர் பிரேக்கராக அணைத்துப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் பரணில் இருந்தது. உள் யூனிட் அங்கேதான். இங்கத்திய புழுக்கத்தில் காயில் எனப்படும் குளிர்ந்த குழாய்ச் சுருளிலிருந்து தண்ணீர் விடாமல் சொட்டும். அது போகும் பிவிசி குழாயில் பாசி பிடித்து அடைத்துக்கொண்டது. கீழே உள்ள தட்டில் தண்ணீர் ஏறினால் சின்ன மிதவை ஸ்விட்ச் ஒன்று மெஷினையே நிறுத்திவிடும், பரணுக்குக் கீழே உள்ள அறையின் உட்கூரை நனையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வெளியே குழாய் முனையில் ஈரத்தை உறிஞ்சும் வாக்யூமை வைத்து இழுத்தோம், பச்சையாகக் கொழகொழவென்று வந்து விழுந்தது. தட்டு காலியானதும் திரை உயிர்பெற்றது. இப்போது கோடை மாதங்களில் மாதம் ஒரு கப் வினிகரை அந்தக் குழாயில் ஊற்றிவிடுகிறேன்.