புதுப்பிப்பு: உடைந்த ஸ்டட் வெளியே வந்துவிட்டது

அப்பாவின் டீசல் ஜீப்பில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போது, அதைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்டட் (மரை போட்ட கம்பி) எஞ்சின் பிளாக்கின் மட்டத்தோடு முறிந்துவிட்டது, ஈசி அவுட் (முறிந்த துண்டில் துளை போட்டு, அதில் இறக்கித் திருகி எடுக்கும் கெட்டி எஃகுக் கருவி) போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போடவில்லை. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது.

வெல்டிங் கடை அண்ணன் முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டு நிரப்பினார். சிவப்பு மங்கியதும் மெழுகுவர்த்தியைத் தொட்டோம். உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி... முதல் நட்டு பிய்ந்துபோனது. இரண்டாவதில் கிறீச்சென்று ஒரு சத்தம், துருப்பொடியோடு முழுசாக வந்தது. அப்பாடா, என்ன நிம்மதி!

பிளாக்கின் மரை அப்படியே இருக்கிறது. அதில் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு, துளையின் அடியில் தேங்கிய எண்ணெயைக் காற்றடித்து எடுத்தேன். எண்ணெய் அமுங்காது; அது நின்றால் புது ஸ்டட்டை முறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.