ரேடியோவில் ராக் பாட்டு கேட்ட வடசென்னைக்காரர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை கேட்:

வீடு கும்மிடிப்பூண்டி லைனை ஒட்டி. 1979இல் மின்சார ரயில் வந்ததிலிருந்து ரேடியோவில் மீடியம் வேவ் வைத்தால் கரகரவென்று இரைச்சல். கூட்ஸ் போனாலும் எக்ஸ்பிரஸ் போனாலும் தரை அதிரும், ஆனால் இரைச்சல் மின்சார வண்டிக்குத்தான். அம்மாவுக்கு அதுதான் கடிகாரம். ராத்திரி ஒன்பதேகால் இரைச்சல் கேட்டால் தோசைக்கல்லை ஏற்றுவார், அப்பா வருகிறார் என்று.

1983இல் மாமா பர்மா பஜாரிலிருந்து எஃப்.எம். உள்ள டூ இன் ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது) வாங்கி வந்தார். நாட்டிலேயே முதல் எஃப்.எம். இங்கே மெட்ராஸில்தான், 1977 ஜூலை 23. ஆறு வருஷம் ஆகியும் எங்கள் தெருவில் அதைக் கேட்க ஒரு செட் கிடையாது. அன்று ராத்திரி இங்கிலீஷ் பாட்டு. பாடுகிறவன் நிறுத்திவிட்டான், கிட்டார் மட்டும் மேலே மேலே ஏறுகிறது. வண்டி போனது, ரேடியோவில் ஒரு பிசிறு இல்லை. அடுப்பில் கல்லும் ஏறவில்லை.

திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். இங்கிலீஷ் பாட்டு என்றாலே "அதை அமத்து" என்பவர், டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் பாட்டு முடியும்வரை நின்றார். அப்புறம் கை கால் கழுவப் போய்விட்டார். பிடித்துத்தான் நின்றாரா? அவர் இருந்தவரை நான் கேட்கவே இல்லை.

ஜமாலியா பழைய ஆள்:

எஃப்.எம். எல்லாம் பிற்பாடு வந்தது. எங்கள் பெரம்பூருக்கு சிலோன் ரேடியோதான், அதாவது இலங்கை வானொலிதான் எல்லாம்.

1968. எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டாள். அவள் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு போடச் சொல்லி இலங்கை வானொலி ஆங்கிலச் சேவைக்குக் கடிதம் எழுதினார். தபால் பெட்டியில் போட்டது நான். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அவர் வீட்டில்தான் இருப்பேன்.

ஒருநாள் வந்தது. "பெரம்பூர், மெட்ராஸ்" என்று அறிவிப்பாளர் சொன்னது தெளிவாகக் கேட்டது. மகள் பெயர் வரவேண்டிய இடத்தில் சத்தம் அப்படியே கரைந்து போய், திரும்பி வந்தபோது டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. அங்கிள் என் தோளைப் பிடித்து, "பேரு சொன்னான் இல்ல, நீ கேட்டே இல்ல?" என்றார். கேட்டேன் அங்கிள் என்றேன். என் காதில் விழவே இல்லை.

ராயபுரம் வால்வு:

ஜமாலியா சார், எஃப்.எம்.மைப் பிற்பாடு என்று ஒதுக்காதீர்கள். மீடியம் வேவும் ஷார்ட் வேவும் அலையின் உயரத்தை மாற்றிப் பாட்டை அனுப்புகின்றன. ரயில் கம்பியில் பறக்கும் பொறி கெடுப்பதும் அந்த உயரத்தைத்தான். எஃப்.எம். அலைவெண்ணை மாற்றுவதால் கொருக்குப்பேட்டைக்காரருக்குப் பிசிறு வரவில்லை. சிலோன் நமக்காகப் பிறந்ததும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவின் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக நடத்திய நிலையம், 1949இல்தான் ரேடியோ சிலோன் ஆனது. சத்தம் கரைந்ததற்கு செட்டைக் குறை சொல்ல முடியாது. சிலோன் வந்த ஷார்ட் வேவ், வானத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது, பல வழியாக வரும் அலைகள் சில நொடி ஒன்றையொன்று அழித்துவிடும்.

நானும் மாடியிலிருந்து பக்கத்து வீட்டு முருங்கை வரை ஏரியலுக்குச் செம்புக் கம்பி கட்டிக் கேட்டவன்தான். ஒருநாள் நல்ல பாட்டின் நடுவில் அந்த வீட்டுப் பாட்டி கம்பியை அறுத்துத் துணி காயப்போட்டுவிட்டார். இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, பழைய வால்வு செட் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் ரேடியோ) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பல வருஷம் பரணில் கிடந்ததை எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். 60 வாட் பழைய இழை குண்டு பல்பு (எல்.இ.டி. அல்ல) ஒன்றை சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி போட்டு முதலில் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி டிசி செட் என்றால் உள்ளே இருக்கும் இரும்பு அடித்தகட்டிலேயே கரண்ட் இருக்கலாம், பின்மூடியைக் கழற்றிவிட்டுக் கை வைக்கக் கூடாது. நம் பக்கம் உப்புக்காற்று. வால்வு கால்களில் பச்சை பூத்திருந்தால் மெல்லத் துடையுங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் அதற்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் போதும், மாற்றத் தேவைப்படாது.

பழைய வண்ணாரப்பேட்டை:

1930இல் மாநகராட்சி நடத்திய வானொலிக்கு எங்கள் ராபின்சன் பூங்காவில் ஒலிபெருக்கி இருந்தது. ஆல் இந்தியா ரேடியோ இங்கே வந்ததே 1938இல்தான். தாத்தா அங்கே நின்று இங்கிலீஷ் கிராமபோன் பாட்டு கேட்டதாகச் சொல்வார். பிறகு ஒருநாள் என் செட்டில் ராக் கேட்டுவிட்டு, "இது பூங்காவுல போட்டிருந்தா கூட்டம் ஓடியிருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்து ரேடியோவை நிறுத்திவிட்டேன். முழுசாகக் கேட்க விட்டிருக்கலாம்.

ஜமாலியா பழைய ஆள்:

வால்வு தம்பி, செட் அங்கிளுடையது. 1974இல் அவரும் மகளிடம் போனார், போகும்முன் மூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டார். அலைகள் அழிவது பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன். அப்படியானால் எங்கள் தெருவில் கரைந்த அதே நொடி இன்னோர் ஊரில் தெளிவாகக் கேட்டிருக்கும், இல்லையா? 1968, மழைக்காலம், ராத்திரி. "பெரம்பூர், மெட்ராஸ்" என்பதற்கு அடுத்து ஒரு பெண் பெயர். திருச்சி, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், எந்தப் பக்கமாவது யாராவது கேட்டிருந்தால் எழுதுங்கள்.