நைட் ரோந்துக்கு ஆள் கேட்கிறார் இன்ஸ்பெக்டர், கொடுக்கலாமா?

வைகைக்கரை:

மதுரைக்கு வெளியே புதிதாக வளரும் நகர் ஒன்றில் இருக்கிறேன். பாதி மனை காலி, தெருவிளக்கில் பாதி எரியாது. கொஞ்ச நாளாகவே பைக் திருட்டு, அப்புறம் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் செயின் பறிப்பு. குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுத்தோம், இன்ஸ்பெக்டரே நேரில் வந்து கூட்டம் போட்டார். நன்றாகத்தான் பேசினார். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, இருக்கிறவர்களும் பாதி நாள் பந்தோபஸ்துக்குப் போய்விடுகிறார்கள், நீங்களே பத்து இளைஞர்களைக் கொடுங்கள், டி-ஷர்ட், விசில், அடையாள அட்டை தருகிறோம், ராத்திரி உங்கள் பகுதி ரோந்துக்குப் பொறுப்பான பீட் காவலரோடு சேர்ந்து சுற்றட்டும் என்றார்.

சங்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு சந்தோஷம். எனக்கு நெருடலாக இருக்கிறது. ஒன்று, 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து அப்பாவும் மகனும் செத்த பிறகு, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பான ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மேல் வந்த புகாரும், அந்த அமைப்புக்கு அரசு தடை போட்டதும் இன்னும் மறக்கவில்லை. இன்னொன்று, அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தர் எழுந்து "பின்னாடி காலனிப் பசங்க மேலதான் சார் டவுட்டு" என்றார், யாரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

இந்த மாதிரி மக்களும் போலீஸும் சேர்ந்து செய்வது எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா? போலீஸ் சீர்திருத்தம் என்று பேசுகிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை வேலையை நம் தலையில் கட்டுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காக்கி ரிட்டயர்டு:

தம்பி, நான் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். இன்ஸ்பெக்டர் சொன்னதில் பொய் இல்லை. பாரா, கோர்ட் டியூட்டி, சம்மன், எஸ்கார்ட், திருவிழா, மந்திரி வருகை எல்லாம் போக ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது ஒரு பைக்கும் ரெண்டு பேரும்தான். எங்களுக்கு வார விடுமுறை என்று அரசாணை வந்ததே 2021 நவம்பரில். வந்ததே தவிர எத்தனை ஸ்டேஷனில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று உங்கள் தெரு காவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் பற்றி ஒரு வார்த்தை. 1993-ல் ராமநாதபுரத்தில் அப்போது எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் ஆரம்பித்தது. திருவிழாக் கூட்டம், டிராபிக், காணாமல் போன குழந்தையைத் தேடுவது என்று நல்ல வேலை செய்த பையன்களை நானே பார்த்திருக்கிறேன். சாத்தான்குளத்தில் எங்கள் ஆட்களுக்குச் சம்பந்தமில்லை என்று அந்த அமைப்பு மறுத்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கோளாறு எங்கே வரும் தெரியுமா, தெருவில் நிற்க வேண்டிய பையனை ஸ்டேஷனுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கும்போது. அவனுக்கு லத்தியைத் தொட ஆசை வந்துவிடும். அவனை யார் கண்டிப்பது? அவன் துறை ஆள் இல்லை, மெமோ கொடுக்க முடியாது, சஸ்பெண்ட் பண்ண முடியாது.

இன்னொன்று, வெளியில் இருப்பவர்கள் பேசாத விஷயம். எங்களை அடிக்க வைப்பது பாதி நேரம் ரெக்கவரி. மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் உயர் அதிகாரி கேட்பது இத்தனை பவுன் போச்சே, எத்தனை பவுன் மீட்டாய் என்றுதான். திருட்டு நடக்காமல் பார்த்துக்கொண்ட காவலருக்கு எந்தப் பதிவேட்டிலும் மார்க் கிடையாது. இதை மாற்றாமல் ஆயிரம் பயிற்சி வகுப்பு நடத்தினாலும் வேலைக்கு ஆகாது.


நேர்மை நெஞ்சம்:

ஏன் இவ்வளவு யோசனை? செயினை அறுத்தவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தி கைக்கு மாவுக்கட்டு போட்டால் அடுத்தவன் பயப்படுவான். மனித உரிமை பேசுகிறவர்கள் வீட்டில் திருடு போகட்டும், அப்போது தெரியும்.


கறுப்புக்கோட்டு:

மதுரையில் வக்கீல். மேலே உள்ள நேர்மை நெஞ்சத்துக்கு முதலில். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி இறந்தது நீங்கள் சொல்கிற அதே "நாலு சாத்து" முறையில்தான். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார். எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படை அழைத்துப் போய் விசாரித்தது. உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். அவர் மேல் முன்பு எந்த வழக்கும் இல்லை. கைதானவன் மாவுக்கட்டோடு நிற்கிற போட்டோவுக்கு லைக் போடுகிற நாமும் சேர்ந்துதான் இந்தத் தனிப்படைகளை வளர்த்தோம் என்பது என் கருத்து. வழக்கு சிபிஐக்குப் போனது, அனுமதி இல்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு போட்டார். ஒரு ஆள் செத்த பிறகு.

இப்போது வைகைக்கரையின் கேள்வி. சீர்திருத்தம் என்றால் நம் ஆட்கள் உடனே ஜீப், கேமரா, ஆப் என்று போய்விடுகிறார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கை கொடுத்தார். அவரையே அங்கிருந்த போலீஸ்காரர் மரியாதைக் குறைவாகப் பேச, தடயத்தைக் காப்பாற்ற ஸ்டேஷனை வருவாய்த் துறை கையில் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்! அதே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, 18 மாதப் பதிவு என்று உத்தரவு போட்டது. உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் ரெக்கார்டர் பெட்டி இருப்பது அதே ஸ்டேஷனில்தான்.

ஆக என்னைக் கேட்டால் கேள்வி ஒன்றுதான்: போலீஸ் மேல் புகார் என்றால் போலீஸ் அல்லாத யாரிடம் போவது? 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளை போட்டதில் ஒன்று இதுதான், மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று புகார் ஆணையம், தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டிஜிபி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் ஆட்கள் மேல் எஸ்.பி. உட்கார்ந்திருக்கிற மேஜைக்கே மனு கொடுக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் ஆணையம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆட்சி மாறியும் இது மாறவில்லை, ஏனென்றால் எந்தக் கட்சிக்கும் கையில் இருக்கிற போலீஸை விட மனசு வராது.

இது உங்கள் டி-ஷர்ட் பையன்களுக்கு எப்படிப் பொருந்தும் என்றால், அவர்களில் ஒருவன் யாரையாவது அடித்தால் அந்தப் புகாரும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போகும். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்கே அலைய விடுவார்கள்.


ஏட்டுச்சுவடி:

வரலாறு படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு ஊரார் காவல் புதிதே இல்லை. மதுரை, ராமநாதபுரம், நெல்லைச் சீமையில் காவல் என்பது ஒரு சில சாதிகளின் உரிமையாக இருந்தது. ஊர் அவர்களுக்குக் காவல்கூலி கொடுக்கும், களவு போனால் கண்டுபிடிப்பதோ நஷ்டத்தை ஈடுகட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. மாடு போனால் துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். இதில் நல்லதும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. காவல்கூலி கொடுக்காத ஊரில் களவு நடக்கும் என்ற பயம்தான் பாதிக் கூலியை வாங்கித் தந்தது. 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் பொதுப் பண்டு சேர்த்து கள்ளர் சாதியாரின் காவலை எதிர்த்துக் கிளம்பினார்கள், அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்தது.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்? காவல் முறையை ஒழித்துத் தன் போலீஸைக் கொண்டுவந்தான். அந்தப் போலீஸ் பிறந்த கதையும் லேசுப்பட்டதில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறது என்று 1855-லேயே ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்து, அப்புறம்தான் 1859-ல் தனிப் போலீஸ் சட்டமே வந்தது. அடியை நிறுத்த வந்த துறை என்பது இப்போது நம்ப முடியாத செய்தி. பிறகு 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களைக் குற்றவாளி என்று பதிந்து கைரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு.

"பின்னாடி காலனிப் பசங்க" என்று உங்கள் கூட்டத்தில் ஒருத்தர் சொன்னதை நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். ஆள் செய்த குற்றத்தை விட்டுவிட்டு ஆள் பிறந்த தெருவைப் பதிவது. உங்கள் பத்துப் பேரும் ஒரே சாதியாக இருந்து, காலனியிலிருந்து ஒருத்தர்கூட இல்லாமல் இருந்தால் அது ரோந்து இல்லை.


பாலக்காட்டுத் தமிழன்:

கேரளாவில் 2008-லிருந்து ஜனமைத்ரி என்று ஒன்று நடக்கிறது, முதலில் சில ஸ்டேஷன்களில் தொடங்கி எல்லா இடத்துக்கும் பரப்பினார்கள். அதில் மக்களை ரோந்து அனுப்புவது முக்கியம் இல்லை, போலீஸ் வீட்டுக்கு வருவதுதான் முக்கியம். ஒரு பீட் ஆபீசருக்கு சுமார் 500 வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தரையாவது பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வருகிறவர், மகன் வெளிநாட்டில் இருக்கிற, தனியாக வாழும் வயதானவர்கள் யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறார், பூட்டின வீடு எது என்றும் தெரியும். இதனால் திருட்டு எவ்வளவு குறைந்தது என்று நான் கணக்கு சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்டேஷனுக்குப் போகக் கால் கூசாது, அது எனக்குப் பெரிய விஷயம்.

அதற்காகக் கேரளா சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-ல் வராப்புழையில் ஒரு இளைஞரை ஆள் மாறிப் பிடித்துப் போய் அடித்தே கொன்றார்கள். பிடித்தது யார் தெரியுமா, மாவட்ட எஸ்.பி.யின் தனிப்படை, சீருடை இல்லாமல் மஃப்டியில். அடுத்த வருடம் நெடுங்கண்டத்தில் இன்னொரு கஸ்டடி மரணம். கேரளாவில் புகார் ஆணையத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதிதான், அதனால் வக்கீல் சார் சொல்கிற பாதை அங்கே திறந்திருக்கிறது, ஆனாலும் இது நடந்தது. பீட் ஆபீசர் ஒரு பக்கம் சிரித்துப் பேச, தனிப்படை இன்னொரு பக்கம் வேலையைக் காட்டும், ரெண்டும் ஒரே துறை.


தாமிரபரணி டீச்சர்:

எல்லோரும் ஸ்டேஷனையே சுற்றிப் பேசுகிறீர்கள். நான் நெல்லைப் பக்கம் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 2023-ல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் தங்கையையும் சாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்களை எந்த ரோந்து தடுத்திருக்கும்? கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், எங்கள் மாதிரி ஆசிரியர்கள் கேட்கப் பயந்தோம், சிலர் உள்ளுக்குள் ரசிக்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம் கூடாது, ஒரு பகுதியில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது, பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல அலுவலர் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பையன் பள்ளிக்கு வராமல் நின்று, பைக்கில் யார் பின்னாலோ சுற்ற ஆரம்பிக்கிற அந்தச் சில மாதங்களில் அவன் வீட்டுக் கதவைத் தட்ட போலீஸ் அல்லாத ஒரு ஆள் வேண்டும். போலீஸ் தட்டினால் அவன் பெயர் ஏட்டில் ஏறிவிடும், ஏறினால் இறங்காது.

வைகைக்கரை, செயின் பறித்தவன் யாரென்று தெரியாது. ஆனால் உங்கள் பின்னாடி காலனியில் பத்தாவதோடு நின்ற பையன்கள் எத்தனை பேர் என்று சங்கத்தில் யாருக்காவது தெரியுமா?


வைகைக்கரை:

தெரியாது டீச்சர். அங்கே எங்கள் சங்கத்துக்கு உறுப்பினரே கிடையாது, சந்தா வாங்கப் போனதும் இல்லை.

எல்லோருக்கும் நன்றி. நேற்று சங்கத்தில் பேசினேன், கொஞ்சம் சத்தம் ஆயிற்று. "உனக்கு ரோந்து போக சோம்பேறித்தனம்" என்று ஒரு பெரியவர். கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் கேட்க சில விஷயங்களை எழுதியிருக்கிறோம். ஆள் தருவதற்கு முன்னால் எங்கள் பீட் காவலர் பெயரும் போன் நம்பரும் தெருமுனையில் எழுதி வைக்க வேண்டும், அவரை அடிக்கடி மாற்றக் கூடாது. மாதம் ஒரு கூட்டம், காலனியிலிருந்தும் ஆள் வர வேண்டும், கூட்டத்தில் சொன்ன பெயரை வைத்து யாரையும் தூக்கக் கூடாது. தெருவிளக்குக்கு உள்ளாட்சியிடம் தனி மனு. ரோந்து போவது என்றால் சங்கத்து ஆட்களாகப் போகிறோம், போலீஸ் அட்டை, டி-ஷர்ட் வேண்டாம். வக்கீல் சார், இதில் சட்டச் சிக்கல் உண்டா?


கறுப்புக்கோட்டு:

அட்டை வேண்டாம் என்றது சரி. தெருவில் நடக்கவும் விசில் ஊதவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. கண்ணெதிரே திருடினால் பிடித்து, தாமதமில்லாமல் போலீஸில் ஒப்படைக்க எந்தக் குடிமகனுக்கும் சட்டம் இடம் தருகிறது. கட்டி வைத்தால், அடித்தால், வீடியோ எடுத்துப் போட்டால் வழக்கு உங்கள் மேல். வழிப்போக்கனை நிறுத்தி ஆதார் கேட்கிற வேலையும் வேண்டாம். மனுவை ரெண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஸ்டேஷன் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


காக்கி ரிட்டயர்டு:

பீட் காவலரை மாற்றக் கூடாது என்பது இன்ஸ்பெக்டர் கையில் இல்லை தம்பி. டி.எஸ்.பி.க்கு ஒரு பிரதி, எஸ்.பி. ஆபீஸ் புதன்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஒரு பிரதி கொடுங்கள். பெயர்ப்பலகை போர்டை மட்டும் நீங்களே உங்கள் செலவில் அடித்து மாட்டிவிடுங்கள், அதற்கு நிதி வரும் வரை காத்திருந்தால் அந்தக் காவலர் ரிட்டயர்டு ஆகிவிடுவார்.